ஏழாம் நம்பர் அம்பாரம் யாரு கண்ணால பாத்துச்சு

பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கெழம, காலையில எட்டரை மணி இருக்கும், நாங்க முப்பது பொம்பளைங்க கெண்டக்கால் முங்குற தண்ணியில நின்னு உப்பு வாரிக்கிட்டு இருக்கும்போது, தட்டுமேட்டுல மல மாதிரி குவிச்சு வச்சிருந்த ஏழாம் நம்பர் உப்பு அம்பாரம் பேச ஆரம்பிச்சுது. வாய் எங்க இருந்துச்சுன்னு கேக்காதிய. உப்புக் குவியலுக்கு ஏது வாய், ஏது நாக்கு. ஆனா பேச்சு வந்துச்சு. ரேடியோவுல நாடகம் ஆரம்பிக்கதுக்கு முன்னால ஒரு ஆளு தொண்டையக் கனைச்சுக்கிட்டு கனமாச் சொல்லுவாம்லா, அந்த மாதிரி.

"வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பாத்திகளில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள்."

எனக்குப் பக்கத்துப் பாத்தியில நின்ன சொர்ணக்கிளி நிமிந்து மேட்டப் பாத்தா. "குனிஞ்சு நிக்கோம்னு நமக்குத் தெரியாதாக்கும். இதச் சொல்லுததுக்கு ஒரு அம்பாரமா"ன்னா. சொல்லிட்டு மறுபடியும் பலகையப் போட்டு வார ஆரம்பிச்சிட்டா.

அம்புட்டுதான். யாரும் மயங்கி விழல, யாரும் கையெடுத்துக் கும்பிடல. வாரின உப்ப வரப்புல ஒதுக்கணும், ஒதுக்குனதப் பெட்டியில அள்ளணும், அள்ளுனதத் தலையில சொமந்து மேட்டுல கொட்டணும், கொட்டிட்டு எறங்கி மறுபடி வாரணும். அதனால அது பேசப் பேச நாங்க வாரினோம், நாங்க வார வார அது பேசிச்சு.

என் பேரு தங்கபுஷ்பம். மூணாங் கிளாசு வரைக்கும் படிச்சேன். நாலாங் கிளாசு வாத்தியார் நடக்க மாதிரி நடந்து காட்டுனேன்னு என்ன நாலாங் கிளாசுக்குள்ள விடல. படிப்பு அத்தோட போச்சு, நடை மட்டும் மிச்சம். எங்க கங்காணி கோயில்பிச்சை அண்ணாச்சி மாதிரிப் பேசுவேன், உப்பளத்துக்குச் சொந்தக்காரரு, அளத்துக்காரரு தவமணி அண்ணாச்சி ஏப்பம் விடுத மாதிரி விடுவேன், தண்ணி எறைக்க மோட்டாரு ஓடி ஓடித் திணறி நிக்க மாதிரி கூடச் செய்வேன். நான் மோட்டாரு மாதிரித் திணறுனதக் கேட்டு ஒரு தடவ கரண்டு ஆபீசு ஈபிக்காரரு ஓடி வந்துட்டாரு. அதனால அம்பாரம் பேசுன அன்னைக்கு, மொத அரை மணி நேரம் எல்லாரும் அது நான்தான்னு நெனைச்சாளுவ. நான் வாயில வெத்தலையப் போட்டு மூடிக் காட்டுன பெறகுதான் நம்புனாளுவ.

சிப்பிமேடு ஊரு இந்த விசயத்த எப்படி வாங்கிக்கிட்டுன்னு கேட்டா, வீட்டுக்குப் புதுசா ஒரு மருமவ வந்த மாதிரி வாங்கிக்கிட்டு. மொத வாரம் பாத்தாவ, ரெண்டாவது வாரம் குத்தஞ் சொன்னாவ, மூணாவது வாரம் அது இல்லாம ஒண்ணும் ஓடலன்னு ஆயிப்போச்சு. டீக்கடை மிக்கேல் தன் தள்ளுவண்டிய மேட்டுக்கு அடியில கொண்டாந்து போட்டு, ரெண்டு பெஞ்சும் போட்டான். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் பிள்ளைங்கள வரிசையாக் கூட்டிட்டு வந்து, தமிழ் சுத்தமா இருக்கு, கேட்டு எழுதுங்கன்னு சிலேட்டோட உக்கார வச்சாரு. ஒரு நாளு சாயந்தரம் சர்ச்சு சாமியார் வந்து அரை மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு நின்னாரு, மறுநாள் காலையில பூசாரி வந்து அரை மணி நேரம் நின்னாரு. ரெண்டு பேரும் இது நம்ம ஆளு இல்லன்னு சொல்லிட்டுப் போனாவ, அப்புறம் ரெண்டு பேரும் நம்ம ஆளாவும் இருக்கலாம்னு திரும்பி வந்தாவ. மழ தூத்துனா அம்பாரத்துக்குக் கீத்து போட்டு மூட ஊரே ஓடிச்சு. அதுக்கு முன்னால அம்பாரம் கரைஞ்சா எங்க அளத்துக்காரருக்குத்தான் கவல, இப்ப எல்லாருக்கும் கவல.

ஏன்னா அது ஊரச் சொல்லிச்சு. யாரு வந்தா, யாரு போனா, யாரு எதுக்கு நின்னான்னு சொல்லிச்சு. கொரலு மேட்டத் தாண்டித் தெரு வரைக்கும் கேக்கும். தன் பேரு அதுல வரணும்னு அவனவன் சட்டைய இஸ்திரி போட்டு வந்து நின்னான். ரேஷன் கடை எசக்கிமுத்து தலைக்கு எண்ணெய தேச்சு, வகிடெடுத்து, மீசைய முறுக்கிக்கிட்டு அம்பாரத்துக்கு முன்னால நாலு நட நடந்தான். அஞ்சாவது நடையில அது சொல்லிச்சு: "எவனோ ஒருவன் வேலையற்றுத் திரிந்துகொண்டிருந்தான்." எசக்கிமுத்து ரெண்டு நாளு கடை தொறக்கல.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் ஒத்துப்போச்சு. அந்தக் கொரலு ஒரு தடவ கூட நான்னு சொல்லல. நான் பாத்தேன், நான் நெனைச்சேன்னு ஒரு பேச்சு கெடையாது. நடந்தத நடந்த மாதிரி, தனக்கு ஆதாயமே இல்லாத மாதிரி, வானத்துல உக்காந்துக்கிட்டுச் சொல்லுத மாதிரி சொல்லிச்சு. தன்னப் பத்திச் சொல்லாத கொரலுக்கு எல்லாம் தெரியும்னு நாங்க நெனைச்சுட்டோம். உப்பாச்சே, உப்பு பொய் சொல்லுமான்னு வேற ஒரு பேச்சு. அதத் தின்னுட்டு வளந்த உடம்பு பாத்தியளா, சந்தேகப்பட மனசு வரல.

இப்படி இருக்கும்போதுதான் பன்னெண்டு பாத்தி உப்பு கரைஞ்சு போச்சு.

எங்க வேல தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். மேல பெரிய தொட்டி மாதிரி ஒரு பாத்தியில தண்ணியத் தேக்கி வச்சு, அது வெயிலுல கனமான பெறகுதான் கீழ உப்புப் பாத்திக்கு விடணும். நடுவுல ஒரு மடை. மண்ணையும் பழைய சாக்கையும் வச்சு அடைச்சிருக்கும். நேரங்கெட்ட நேரத்துல மடை தொறந்தா புதுத் தண்ணி கீழ பாஞ்சு, வெளைஞ்சு நிக்க உப்பக் கரைச்சுக் கொண்டு போயிரும். அந்தத் திங்கக்கெழம காலையில அப்படித்தான் போச்சு. ஒரு மாசம் முப்பது பேரு குனிஞ்ச குனிவு, ஒரு மணி நேரத்துல தண்ணி.

நான்தான் மொதல்ல பாத்தேன். மடை வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு. நான் ஓடிப் போயி மண்ண அள்ளி அள்ளித் திணிச்சு, சாக்கக் கால வச்சு மிதிச்சு அடைச்சிட்டு, "தண்ணி போயிருச்சு, ஓடி வாங்களா"ன்னு கத்துனேன். எல்லாரும் வந்து தலையில கைய வச்சுக்கிட்டு நின்னோம்.

அதே நேரம் மேட்டுல அம்பாரம் சொல்லியிருக்கு. நாங்க மடைக்கிட்ட இருந்ததால காத்து எதுத்தாப்புல அடிச்சு எங்களுக்குக் கேக்கல. லாரியில ஏத்த வந்த ஆளுங்க, டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கேட்டிருக்காவ.

"நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்த சொர்ணக்கிளி மடையருகே குனிந்தாள். அவளுடைய கைகள் மண்ணுக்குள் புகுந்தன. தண்ணீர் பாத்திகளுக்குள் பாய்ந்தது. முந்தின நாள் வாங்கிய ஏச்சு அவள் மனதுக்குள் புகைந்துகொண்டிருந்தது போலும்."

முந்தின நாளு ஏச்சு வாங்குனது நெசந்தான். குடிக்கதுக்கும் கழுவுததுக்கும் சேத்து எங்களுக்கு ஒரே ஒரு டிரம்மு நல்ல தண்ணி. இன்னொண்ணு வேணும்னு சொர்ணக்கிளி கங்காணிகிட்டக் கேட்டா. அவரு வெயிலுக்குப் புடிச்ச கொடைக்குள்ள நின்னுக்கிட்டு, "கடலே பக்கத்துலதான இருக்கு, அதுல குளி"ன்னு சொன்னாரு. இவ, "நீரு மொதல்ல குளிச்சுக் காட்டும்"னுட்டா. அதுக்கு ஒரு வண்டி ஏச்சு.

அன்னைக்கு மத்தியானமே கங்காணி தன் சட்டைப் பையில வச்சிருக்க பேரு நோட்ட எடுத்து சொர்ணக்கிளி பேர அடிச்சிட்டாரு. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு அளத்துல பேர அடிச்சா, அடுத்த அளத்துக் கங்காணியும் எழுத மாட்டான், அதுக்கடுத்த அளத்துலயும் கெடையாது. அளத்து வீட்டையும் காலி பண்ணணும். வெள்ளிக்கெழம பத்து மணிக்கு அம்பாரத்துக்கு முன்னால கூட்டம், அதுல தவமணி அண்ணாச்சி முடிவச் சொல்லுவாவன்னு சேதி வந்துச்சு. சொர்ணக்கிளிக்குப் புருசன் கெடையாது. பத்தாங் கிளாசு பரிச்ச எழுதப் போற ஒரு மக உண்டு, பேரு ஜெயசுதா. பரிச்ச அடுத்த வாரம்.

இதுல எனக்கு வெக்கமான ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிருதேன். நானும் நம்பிட்டேன். மடைய அடைச்சது நான், அங்க அவளப் பாக்கவே இல்ல. ஆனாலும் அம்பாரம் சொல்லிருச்சே, அப்ப நான் போகுதுக்கு முன்னாலயே இவ வந்து தொறந்துட்டுப் போயிருப்பா போலிருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் ரெண்டு கண்ண விட அந்த உப்பு பெருசாப் போச்சு.

புதன்கெழம மத்தியானம் அவ வீட்டுக்குப் போனேன். பிள்ள ஒரு மூலையில புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு ஒரே பக்கத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சொர்ணக்கிளி கால நீட்டி உக்காந்திருந்தா.

"மைனி, சோறு பொங்கலியா"ன்னேன்.

"பொங்குனேன். அது தின்ன மாட்டேங்கு." நீட்டுன கால மடக்குனா. அப்புறம், "புஷ்பம், ஒண்ணு கேக்கேன், சிரிக்காத. ஒருவேள நான்தான் தொறந்தேனோ"ன்னா.

"என்ன பேசுதிய."

"ஏச்சு வாங்குனேன்லா. மனசு எரிஞ்சுது நெசம். தூக்கத்துல நடக்கவங்க இல்லையா. அது மூணு நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கு. மொத நாளு இல்லன்னு தெரிஞ்சுது. இன்னைக்கு என் கையப் பாத்தா எனக்கே மண்ணு தெரியுது."

உப்புக் குவியல் ஒண்ணு ஒரு பொம்பளைக்குள்ள பூந்து அவ ஞாபகத்தயே கழுவிட்டுப் போயிருக்கு. எனக்குக் கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு தெரியாத கோவம்.

மறுநாள் வியாழக்கெழம, பதினோரு மணிக்குக் கஞ்சி குடிக்க உக்காந்தோம். சொர்ணக்கிளிய வேலைக்கு விடல, ஆனா அவ வந்து மோட்டாரு ரூமுக்குப் பின்னால எங்களோட உக்காந்துக்கிட்டா. எல்லாரும் அவ மூஞ்சியப் பாக்காம சட்டியப் பாத்துக் குடிக்காளுவ. எனக்கு இந்த மாதிரி அமைதி ஆகாது. எந்திரிச்சு நின்னு, "ஏளா, இப்ப ஏழாம் நம்பர் அம்பாரம் பேசும், கேளுங்க"ன்னேன்.

எனக்கு ஒருத்தர மாதிரிப் பேசணும்னா கொரலு மட்டும் போதாது. அவரு எங்க நிக்காரு, எந்தக் காலுல பாரத்தப் போட்டு நிக்காரு, எதப் பாத்துக்கிட்டு அந்தப் பேச்சப் பேசுதாரு, அது உடம்புக்குள்ள வரணும். வந்துட்டா கொரலு தானா வரும். "வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது"ன்னு ஆரம்பிச்சேன். என் கழுத்து தானா இடது பக்கம் சாஞ்சுது. "பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள்"னேன். என் நாடி மேல தூக்கி, கண்ணு கீழ எறங்கி, மேட்டுல இருந்து பள்ளத்தப் பாக்க மாதிரி ஆச்சு. "அவர்களில் ஒருத்தி சோம்பலாக இருந்தாள்"னேன். என் வலது கை எந்திரிச்சு ஒரு கொடைக் காம்பப் புடிச்ச மாதிரி நின்னுச்சு. நான் சொல்லி அது நிக்கல.

மொதல்ல சிரிச்சது வயசுல மூத்த ஆவுடைத்தங்கம் சித்திதான். கஞ்சி மூக்குல ஏறிப் பொரையேறிச்சு. "ஏட்டி, அம்பாரத்தச் சொல்லுதேன்னுட்டு கங்காணியச் செய்யுத"ன்னாவ.

"இல்ல சித்தி, அம்பாரத்தத்தான் செய்யுதேன்"னு சொல்லிட்டு, அப்படியே நின்னுட்டேன். கொடையப் புடிச்ச கை எறங்கல.

பெறகு எல்லாரும் ஒண்ணாப் பேசுனாளுவ. அது எப்பப் பாத்தாலும் நம்ம முதுகத்தான் சொல்லுது, ஒரு நாளாவது நம்ம மூஞ்சியச் சொல்லியிருக்கான்னா ஒருத்தி. நாம மோட்டாரு ரூமுக்குப் பின்னால வந்துட்டா அதுக்கு ஒண்ணுமே தெரியாது, பெண்கள் எங்கோ சென்றார்கள்னு முடிச்சிரும்னா இன்னொருத்தி. போன வாரம் கங்காணி மச்சான் கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாளும் அது வாயே தொறக்கலியே, நாம உப்புக்குச் சளி புடிச்சிருக்குன்னுலா நெனைச்சோம்னா வேறொருத்தி. எங்க மனசப் பத்திச் சொல்லும்போதெல்லாம் போலும் போலும்னு இழுக்கும், கங்காணியச் சொல்லும்போது மட்டும் அவர் உள்ளம் குளிர்ந்தது, அவருக்குப் பசித்ததுன்னு கூடக் கொறைய இல்லாம அடிச்சுச் சொல்லும். இம்புட்டும் தெனமும் கேட்டதுதான். ஒருத்தருக்கும் ஒறைக்கல.

"அப்ப அது எல்லாத்தையும் பாக்கல"ன்னு சொர்ணக்கிளி மெதுவாச் சொன்னா. "ஒரு ஆளு பாத்தத மட்டும் பாத்திருக்கு."

"அந்த ஆளுக்கு உங்க மூஞ்சி தெரியல மைனி, சட்டதான் தெரிஞ்சிருக்கு"ன்னு சொல்லும்போதே எனக்கு அந்தச் சட்ட ஞாபகத்துக்கு வந்துச்சு.

எங்க சட்ட விசயம் இதுதான். உப்பு ஒடம்ப அரிக்கும்னு நாங்க சேலைக்கு மேல ஆம்பளைங்க பழைய முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிடுவோம். வேல முடிஞ்சா இருக்க ஒரு டிரம்முத் தண்ணியில முப்பது சட்டையையும் மொத்தமா அலசி, மோட்டாரு ரூமுக்குப் பின்னால ஒரே கயித்துல போட்டுருவோம். காலையில வந்ததும் எது கைக்கு வருதோ அது அன்னைக்கு நம்ம சட்ட. யாரு சட்ட யாருதுன்னு கெடையாது. கங்காணிக்கு இது தெரியாது, ஏன்னா பொம்பளைங்க சட்ட மாத்துத எடத்துக்கு அவரு வர மாட்டாரு, அந்த மட்டும் நல்ல மனுசந்தான்.

ஏச்சு வாங்குன அன்னைக்கு நீலக் கட்டச் சட்ட மைனி மேல கெடந்துச்சு. அந்தச் சட்டைக்கு வலது கையில பொத்தான் கெடையாது. மடையில மண்ண அள்ளித் திணிச்சேன்லா, அப்ப பொத்தான் இல்லாத கை வழியாச் சேறு மொழங்கை வரைக்கும் ஏறி, ராத்திரி பூரா அரிச்சுது.

திங்கக்கெழம அந்தச் சட்ட என் மேல கெடந்துச்சு.

வெள்ளிக்கெழம பத்து மணிக்கு ஊரே மேட்டுல கூடிட்டு. தவமணி அண்ணாச்சி நாற்காலியில உக்காந்திருந்தாவ. பக்கத்துல கோயில்பிச்சை அண்ணாச்சி கொடையோட நிக்காரு. அம்பாரம், "நீதி வழங்கும் நாள் வந்தது. மக்கள் ஆவலுடன் கூடினார்கள்"னு ஆரம்பிச்சிட்டு.

தவமணி அண்ணாச்சி தொண்டையக் கனைச்சாவ. "பேச ஒண்ணும் இல்ல. கண்ணால பாத்த சாட்சி சொல்லுதத எல்லாரும் நாலு நாளாக் கேக்கிய. திங்கக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிரணும்."

"யாரு கண்ணால பாத்த சாட்சி அண்ணாச்சி"ன்னேன் நான்.

"ஒன்ன யாரு பேசச் சொன்னா. இங்க வித்த காட்டாத."

"வித்த இல்ல. திங்கக்கெழம நீலக் கட்டச் சட்ட போட்டிருந்தது நான். மடைகிட்டக் குனிஞ்சதும் நான். சொர்ணக்கிளி மைனி அந்தப் பக்கமே வரல."

கூட்டம் மொணங்குச்சு. தவமணி அண்ணாச்சி முன்னால நவுந்து உக்காந்தாவ. "அப்ப நீதான் தொறந்தியா."

"அடைச்சேன்."

"அம்பாரம் தொறந்தான்னுலா சொல்லுது."

"அது கைய மண்ணுக்குள்ள விட்டான்னுதான் சொல்லிச்சு. முதுகுக்குப் பின்னால இருந்து பாத்தா தொறக்கதும் அடைக்கதும் ஒண்ணு போலத்தான் இருக்கும். மோட்டாரு ரூமு பக்கமா நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மேட்டுல நின்னா தெரியாது."

"உப்புக்கு ஏதுளா முன்னாலயும் பின்னாலயும்."

"உப்புக்கு இல்ல. ஆனா அது கங்காணி அண்ணாச்சி கண்ணாலதான் பாக்கு. நம்பலைன்னா அவரு கண்ணக் கட்டிப் பாருங்க. நான் சொல்லுதது பொய்யின்னா எங்க ரெண்டு பேரு பேரையும் அடிச்சிருங்க, நானும் மைனி கூடவே பொட்டியக் கட்டுதேன்."

கோயில்பிச்சை அண்ணாச்சி சிரிச்சுட்டாரு. அம்பாரம் பேசுததுல அவருக்குத் துளி கள்ளம் கெடையாது, அதையும் சொல்லணும். அம்பாரம் பேசப் பேச, நாம நெனைக்க மாதிரியே கடவுளும் நெனைக்காருன்னு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரே பூரிப்பு, வேற ஒண்ணுமில்ல. "கட்டுங்களா, எனக்கென்ன"ன்னு தோளுல கெடந்த துண்ட அவரே எடுத்துக் குடுத்தாரு. ஆவுடைத்தங்கம் சித்தி ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டுனாவ.

பத்தரை மணி வெயில். உப்பளத்து வெயில் தெரியும்லா, மேல இருந்து பாதி, கீழ வெள்ளையில பட்டு வாரது பாதி. எல்லாரும் கண்ண இடுக்கிக்கிட்டு அம்பாரத்தப் பாக்கோம்.

அது சொல்லிச்சு: "எங்கும் இருள் சூழ்ந்தது."

மிக்கேல் டீ ஆத்துத கை அந்தரத்துல நின்னுச்சு.

"துண்டில் நேற்றைய மீன்குழம்பின் வாடை வீசியது"ன்னுச்சு.

அதுக்கு மேல கூட்டத்தப் புடிக்க முடியல. சிலேட்டோட உக்காந்திருந்த பிள்ளைங்க உருண்டு பொரளுது, சாமியார் கையால வாயப் பொத்துதாரு, எசக்கிமுத்து இதுக்காகவே ஒரு மாசமாக் காத்துக் கெடந்த மாதிரி தொடையில தட்டித் தட்டிச் சிரிக்கான். "இந்த வெயிலுல இருட்டாம்"னு ஒருத்தன் சொல்ல, "கொழம்பு என்ன மீனுன்னு கேளுங்கவே"ன்னு இன்னொருத்தன் சொல்ல, சிரிப்பு மேட்ட விட்டு எறங்கி பாத்தி வரைக்கும் போச்சு.

ஆனா அம்பாரம் நிக்கல. வெளிய பாக்க ஒண்ணும் இல்லாமப் போச்சுல்லா, அது உள்ள திரும்பிட்டு. கொரலு தணிஞ்சுது.

"அவருக்கு வியர்த்தது. அந்தத் திங்கட்கிழமை அவர் நினைவுக்கு வந்தது. விடிந்தும் விடியாமலும் சேறு வாருவதற்காக மடையைத் திறந்தவர் அவரே. அப்போது யாரோ தேநீர் குடிக்க அழைத்தார்கள். பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினார். எண்ணியதை மறந்தார். திரும்பி வந்து மேட்டில் நின்றபோது ஒரு நீலச் சட்டையைக் கண்டார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு."

கோயில்பிச்சை அண்ணாச்சி துண்டப் பிச்சு எறிஞ்சாரு. மூஞ்சி அம்பாரத்த விட வெளுத்துக் கெடந்துச்சு. கொரலு ஒடனே, "வெளிச்சம் கண்ணைக் கூசியது"ன்னுச்சு. இப்ப யாரும் சிரிக்கல.

தவமணி அண்ணாச்சி எந்திரிச்சு வேட்டிய ஒதறுனாவ. "சரி சரி, உப்பு பேசுததெல்லாம் ஒரு பேச்சா. காத்துல என்னமோ கேக்கு. அடிச்ச பேரு அடிச்சதுதான். போயி வேலையப் பாருங்க."

"நேத்து வரைக்கும் சாட்சி, இன்னைக்குக் காத்தா"ன்னு சொர்ணக்கிளி கேட்டா. நாலு நாளைக்குப் பெறகு அவ கொரலு அவ கொரலாட்டம் இருந்துச்சு.

"நீ பேசாத. ஒனக்கு இங்க வேல கெடையாது."

"வேல இல்லாதவளுக்கு என்ன பயம். நல்லாவே பேசுவேன்."

நான் என் வாரு பலகையக் கீழ போட்டுட்டு அதும்மேலயே உக்காந்தேன். ஆவுடைத்தங்கம் சித்தி மூட்டு வலியில மொணங்கிக்கிட்டே உக்காந்தாவ. அப்புறம் ஒவ்வொருத்தியா, வேல இல்லன்ன சொர்ணக்கிளியோடதும் சேத்து, முப்பது பலகையும் விழுந்துச்சு. யாரும் கோசம் போடல. வெயிலுல சும்மா உக்காந்திருந்தோம், அம்புட்டுதான். கடலுக்கு மேல தெக்க ஒரு மேகம் கன்னங்கரேல்னு எழும்பிச்சு. மிச்சம் இருக்க பாத்தியில உப்பு வாருத பதத்துல பூத்துக் கெடக்கு. மழ விழுந்தா அதுவும் தண்ணி. தவமணி அண்ணாச்சி மேகத்தப் பாக்காவ, எங்களப் பாக்காவ, கடியாரத்தப் பாக்காவ. நான் அவிய ஏப்பம் விடுத மாதிரி ஒண்ணு விட்டேன். கூட்டத்துல பாதி சிரிச்சுது.

"என்ன வேணும்ளா ஒங்களுக்கு"ன்னாவ கடைசியில.

"பேரு"ன்னா ஆவுடைத்தங்கம் சித்தி.

நோட்டு வெளிய வந்துச்சு. கோயில்பிச்சை அண்ணாச்சி சொர்ணக்கிளி பேரத் திரும்ப எழுதுனாரு. நாங்க எந்திரிக்கப் போனோம். சொர்ணக்கிளி மட்டும் அசையல.

"எழுதுனது போதாது. நாலு நாளு ஊருக்கெல்லாம் கேக்கும்படியா அது சொல்லிச்சு. இப்ப நீரு சொல்லும். அம்பாரம் வேண்டாம், ஒம்ம வாயால. எங்க நின்னீரு, என்ன பாத்தீரு."

அவரு அளத்துக்காரரப் பாத்தாரு. அவிய வேற பக்கம் திரும்பிக்கிட்டாவ. அம்பாரம், "அவர் தயங்கினார். தலை குனிந்தார்"னு சொல்லிக்கிட்டு இருக்கு. அதையும் கேக்க முடியாம அவரு கொடைய மடக்கிக் கீழ வச்சாரு. கொடை இல்லாம அவர நாங்க பாத்ததே கெடையாது. வெயிலுல நின்னா அவரும் ஒரு வயசான மனுசந்தான்.

"நான் மேட்டுல நின்னேன்"னாரு. "கொடைக்குள்ள நின்னேன். எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. சட்டையப் பாத்துட்டு நீதான்னு நெனைச்சேன். மடையத் தொறந்தது நான். அடைக்க மறந்ததும் நான்."

அவரு நான்னு சொன்ன எடத்துலயே அம்பாரம் வாய மூடிட்டு. பாதிப் பேச்சுல, கம்பி அறுந்த மாதிரி. அதுக்குப் பெறகு அது ஒரு வார்த்த பேசல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சிலேட்டத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போச்சு, மறுவாரம் லாரி வந்து ஏழாம் நம்பர அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. எந்த ஊருக்குப் போச்சு, எந்தக் கொழம்புல கரைஞ்சுதுன்னு தெரியாது. இப்ப எங்க ஊருல யாரு என்ன சேதி கொண்டாந்தாலும், எங்க நின்னு பாத்தன்னு மொதல்ல கேட்டுட்டுத்தான் மேக்கொண்டு கேப்போம். சாமியாரையும் கேக்கோம். அவருக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

சொர்ணக்கிளி அவரு சொன்னத முழுசாக் கேட்டா. மன்னிச்சேன்னும் சொல்லல, மன்னிக்கலன்னும் சொல்லல. "நாளைக்கு ரெண்டு டிரம்மு வரணும்"னு மட்டும் சொல்லிட்டு, பலகையத் தோளுல போட்டுக்கிட்டு எறங்குனா. மேகம் தலைக்கு மேல வந்துட்டு. நாங்க ஓடி எறங்கி வாரினோம்.

தவமணி அண்ணாச்சி இப்பவும் டவுனுல போயி, அன்னைக்குப் பொம்பளைங்க கலாட்டா பண்ணாளுவ, நான்தான் பெருந்தன்மையா விட்டுக் குடுத்தேன்னு சொல்லுதாவளாம். சொல்லட்டும். அவிய நாற்காலியில இருந்து அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். நான் உக்காந்திருந்தது அம்பாரத்துக்குத் தெக்க, சொர்ணக்கிளிக்கு இடது பக்கம், பலகைக்கு மேல, முட்டு வரைக்கும் ஈரச் சேலையோட. எனக்கு அங்கேருந்து தெரிஞ்சது இம்புட்டு. நான் சொல்லுதேன்னு சொல்லித்தான் சொல்லுதேன்.